நகரத்தில் ஏழைக் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுவது எப்படி

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கோ தொண்டு நிறுவன வேலைக்கோ ஒரு கட்டுரைக்கோ, "இந்த நகரத்தில் வருமானம் குறைந்த குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துச் சொல்" என்றால் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் காரியம், செயற்கைக்கோள் படத்தைத் திறந்து தகரக் கூரை நெருக்கமாகத் தெரிகிற இடத்தில் எல்லாம் வட்டம் போடுவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தப்பில்லை, ஆனால் அதோடு நின்றுவிட்டால் நிறையப் பேர் விட்டுப்போவார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவர்கள், கட்டட வேலை நடக்கிற இடத்திலேயே படுத்து எழுகிறவர்கள், வேலை பார்க்கும் வீட்டின் பின்பக்க அறையில் தங்கியிருப்பவர், இரவில் ஷட்டரைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே தூங்குகிற பையன்கள், பழைய அடுக்குமாடியில் ஒரே அறையில் ஆறு பேர். இவர்கள் யாரும் மேலிருந்து பார்த்தால் தெரிய மாட்டார்கள்.

அதனால் கூரையை விட்டுவிட்டு வேலையில் ஆரம்பியுங்கள். ஒரு குடும்பம் ஏன் இந்த மூலையில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு, பத்துக்கு எட்டுத் தடவை, யாராவது ஒருவர் காலையில் எங்கே வேலைக்குப் போகிறார் என்பதுதான் பதில் என்பது என் அனுபவம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

முதலில், யாரைத் தேடுகிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் கிளம்பினால் பாதி வழியில் குழம்பிப் போவீர்கள். காசு இல்லாத குடும்பம் வேறு, மோசமான வீட்டில் இருக்கிற குடும்பம் வேறு. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும், ஆனால் எப்போதும் அல்ல. குடிசைப் பகுதிக்குள்ளேயே ஓரளவு நல்ல வருமானம் உள்ளவர்கள் இருப்பார்கள், வேலைக்குப் பக்கம் என்பதாலோ அங்கேயே தொழில் நடப்பதாலோ கிளம்ப மாட்டார்கள். வெளியே கான்கிரீட் வீட்டில் வாடகை கட்டிவிட்டு மாதக் கடைசியில் ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிற குடும்பமும் உண்டு.

ஐ.நா. வாழ்விட அமைப்பு ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: நல்ல தண்ணீர், கழிப்பிடம், போதுமான இடம் (ஒரு அறைக்கு மூன்று பேருக்கு மேல் போகக் கூடாது), தாக்குப்பிடிக்கிற கட்டடம், யாரும் திடீரென்று காலி செய்யச் சொல்ல முடியாத உரிமை. இதில் ஒன்று இல்லையென்றாலும் அது குடிசைக் குடும்பம் என்ற கணக்கில் வரும். அப்படிப் பார்த்தால் உலகத்தில் 100 கோடிப் பேருக்கு மேல் வருகிறார்கள். கவனியுங்கள், இந்த ஐந்தில் வருமானம் இல்லவே இல்லை.

எல்லைக்கோடு எங்கே போடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அரசு அறிவிக்காத ஓர் இடம் குடிசைப் பகுதியாகச் சேர அங்கே குறைந்தது 300 பேர், அதாவது சுமார் 60-70 வீடுகள் இருக்க வேண்டும். அதே நாட்டின் தேசிய மாதிரி ஆய்வில் 20 வீடுகள் இருந்தாலே போதும். ஒரு கால்வாய் ஓரத்தில் 40 வீடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கில் இருக்கும், இன்னொன்றில் காணாமல் போகும். நாளைக்கே நீங்கள் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டு "குடிசைகள் குறைந்துவிட்டன" என்று எழுதுவதற்கு முன் இந்த 40 வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வரையறையை எடுத்தாலும் சரி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு கடைசிவரை மாற்றாதீர்கள்.

முதல் பஸ்ஸுக்குப் போய் நில்லுங்கள்

உண்மையில் இதைவிட மலிவான ஆய்வு முறை கிடையாது. நகரத்தின் மையத்துக்கு வருகிற அன்றைய முதல் பஸ் அல்லது முதல் ரயில், விடிவதற்கு முன்னால் வருவது. அதில் ஏறிப் பாருங்கள். இருக்கைகளில் அலுவலகத்துக்குப் போகிற ஆட்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். தூக்குப்பையை மடியில் வைத்துக்கொண்டு தலை சாய்ந்து தூங்குகிற பெண்கள், அடுத்த ஷிப்ட்டுக்குப் போகிற காவலாளி, ஆஸ்பத்திரியிலும் அலுவலகங்களிலும் எல்லோரும் வருவதற்குள் தரையைத் துடைத்து முடிக்க வேண்டியவர்கள். யார் எந்த நிறுத்தத்தில் ஏறுகிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். மூன்று நாள் எண்ணினால் உங்கள் கையில் ஒரு வரைபடம் இருக்கும், எந்தக் கணக்கெடுப்பும் தராத வரைபடம். ஒரு நிறுத்தத்தில் இருபது பேர் ஏறுகிறார்கள், ஆனால் சுற்றிப் பார்த்தால் ஒழுங்கான மாடி வீடுகள்தான் தெரிகின்றன என்றால், அங்கேதான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

பஸ்ஸில் வராதவர்களும் இருக்கிறார்கள். நடந்தே வருகிறவர்கள். சந்தை, ரயில் நிலையம், பெரிய ஆஸ்பத்திரி, மூட்டை இறக்குகிற இடம், இவற்றைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கிற தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்குக் காலையில் ஆள் எடுக்கிற இடத்தில் நேரத்துக்கு நிற்பதுதான் வேலை கிடைப்பதற்கே வழி. பத்து நிமிடம் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை.

மையத்தில் நிலம் தங்க விலை, அங்கே எப்படி ஏழைகள்?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. நகரப் பொருளாதாரம் ஆராய்ந்த வில்லியம் அலான்சோ 1964-ல் இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மையத்துக்குப் பக்கத்தில் இருக்க ஒவ்வொருவரும் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பது, பயணத்துக்கு ஆகிற செலவையும் எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் பொறுத்தது. பெரிய வீடும் தோட்டமும் வேண்டும் என்பவர் தள்ளிப் போவார். கொஞ்ச இடம் போதும் என்று நெருக்கிக்கொள்கிறவர் பக்கத்திலேயே தங்க முடியும். நெருக்கிக்கொள்வது என்றால் என்னவென்று ஒரு ஒண்டுக்குடித்தன வாசலில் நின்றால் தெரியும். ஒவ்வொருவர் கொடுப்பதும் குறைந்த வாடகைதான், ஆனால் மொத்த வாடகையைச் சதுர அடியால் வகுத்துப் பாருங்கள், சில சமயம் பக்கத்துத் தெரு பங்களாவைவிட அதிகமாக வரும். இந்தக் கணக்கை ஒரு இடத்திலாவது போட்டுப் பார்க்காமல் விடாதீர்கள், "மலிவாக இருப்பதால் அங்கே இருக்கிறார்கள்" என்று எழுதுகிற பழக்கம் அதோடு போய்விடும்.

ஆனால் மையம் என்றால் ஏழைகள், விளிம்பு என்றால் பணக்காரர்கள் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள், அதுவும் நகரத்துக்கு நகரம் தலைகீழாகிறது. சிகாகோவை வைத்து சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்ஜெஸ் 1925-ல் வரைந்த வளையங்களில் மையத்தை ஒட்டிய வளையத்தில் ஏழைகள், வெளி வளையத்தில் வசதியானவர்கள். டெட்ராய்ட்டிலும் வசதியானவர்கள் புறநகருக்குப் போனார்கள், மையம் வறுமையில் கிடந்தது. பாரிஸில் நேர் எதிர்: 1853-லிருந்து 1870 வரை அரசு அதிகாரி ஹௌஸ்மான் நகரத்தின் நடுவை இடித்து அகலச் சாலைகள் போட்டபோது தொழிலாளர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள், நடு நகரம் இன்றும் வசதியானவர்களுக்குத்தான். அமெரிக்காவில் ஏழைகள் மையத்தை ஒட்டி இருந்ததற்கு முக்கியக் காரணம் அங்கேதான் பொதுப் போக்குவரத்து கிடைக்கிறது என்பது என்று 2008-ல் கிளேசர், கான், ராப்பபோர்ட் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் எழுதினார்கள். கார் இல்லாதவருக்கு பஸ் போகிற இடம்தான் நகரம், அவ்வளவுதான். அதே அமெரிக்காவில் 2000-க்குப் பிந்தைய பத்து ஆண்டுகளில் புறநகர் ஏழைகளின் எண்ணிக்கை மைய நகர ஏழைகளின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. பத்து வருடம் பழைய வரைபடத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாதீர்கள்

நாள் கூலியில் எழுதுங்கள். ஒரு குடும்பம் நகரத்துக்குள்ளேயே ஓர் அறையில் இருக்கிறது, வெளியே போனால் மாதம் மூன்று நாள் கூலி அளவுக்கு வாடகை மிச்சம். நல்லதுதானே என்று தோன்றும். போக வர டிக்கெட்டுக்கு இரண்டு நாள் கூலி போகிறது என்று வைத்தாலும் ஒரு நாள் மிச்சம். இப்போது நேரத்தைச் சேருங்கள். நாளுக்கு மூன்று மணி நேரம் கூடுதல் பயணம், மாதம் 26 நாள், ஆக 78 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் கிட்டத்தட்ட பத்து நாள். ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்க பத்து நாள் உழைப்பு. அதோடு காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று இரண்டு இடத்தில் வேலை செய்த பெண்ணுக்கு மாலை வீடு கைவிட்டுப் போகும், ஏனென்றால் அப்போது அவர் பஸ்ஸில் இருப்பார். இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் "நல்ல வீடு கொடுத்தும் போக மாட்டேன் என்கிறார்களே" என்கிற சலிப்பு எவ்வளவு அரைகுறையானது என்று தெரியும்.

காற்றையும் பழைய காகிதங்களையும் பாருங்கள்

எல்லாவற்றையும் வேலையே விளக்கிவிடாது. சில இடங்களில் ஏழைகள் இருப்பதற்குக் காரணம், அவர்களை வேறெங்கும் இருக்க விடவில்லை என்பதுதான். இங்கிலாந்தில் 70 நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலைப் புகைபோக்கிகள் எங்கெங்கே இருந்தன என்று குறித்து, புகை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று கணக்கிட்ட ஓர் ஆய்வு 2021-ல் வெளிவந்தது. அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும், புகை கிழக்கே போகும், வசதியானவர்கள் விலகிப்போக கிழக்குப் பக்கம் ஏழைகளுக்கு என்றாயிற்று. புகை போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன, ஏழ்மை அதே பக்கத்தில் நிற்கிறது. உங்கள் நகரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, குப்பை எங்கே கொட்டப்படுகிறது, இந்த மூன்றையும் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் சட்டம். அமெரிக்காவில் 1930-களில் ஒரு அரசுக் கடன் நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பின மக்கள் வசித்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் கடன் ஆபத்து என்று சிவப்பு நிறம் பூசியது. தென்னாப்பிரிக்காவில் 1950-ல் வந்த குழுப் பகுதிகள் சட்டம், யார் எந்தத் தெருவில் இருக்கலாம் என்பதை இனத்தை வைத்தே பிரித்தது. கேப் டவுன் நகரத்தின் நடுவை ஒட்டிய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதி 1966-ல் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டு, 60,000-க்கும் மேற்பட்டவர்கள் தூரத்தில் மணல் பிடித்த கேப் ஃப்ளாட்ஸ் சமவெளிக்குத் தள்ளப்பட்டார்கள். சட்டம் போய்விட்டது, பயண நேரம் போகவில்லை. பழைய நகராட்சி ஆணைகள், நில எடுப்பு அறிவிப்புகள், பழைய வரைபடங்கள் ஏதாவது நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும், தேடி எடுங்கள்.

தெருவில் இறங்கும்போது

முதல் முறை நான் பகல் பதினொரு மணிக்குப் போனேன். தெரு முழுக்கப் பூட்டு, திண்ணையில் இரண்டு கிழவர்கள். அவர்களிடம் பேசிவிட்டு "இங்கே முதியவர்கள் அதிகம்" என்று எழுதிக்கொண்டு வந்தேன், இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மாலை ஏழுக்கு மேல் போங்கள், அல்லது விடுமுறை நாளில்.

வாசலில் மின் மீட்டரைப் பாருங்கள். ஒரு கதவுக்குப் பக்கத்தில் ஏழெட்டு மீட்டர் இருந்தால் உள்ளே அத்தனை குடித்தனம். அதைவிட முக்கியம், ஒரே மீட்டரிலிருந்து நாலைந்து ஒயர் பிரிந்து ஒவ்வோர் அறைக்கும் போவது. அங்கே பெரும்பாலும் வீட்டுக்காரர் தன் கணக்கில் யூனிட்டுக்கு ஒரு விலை வைத்து வசூலிப்பார், அரசு சலுகை கீழே வந்து சேராது. வாடகை ரசீதும் இருக்காது, ரசீது இல்லையென்றால் முகவரிச் சான்று இல்லை, முகவரி இல்லையென்றால் பள்ளியிலிருந்து வங்கிவரை எல்லாம் இழுபறி. கதவுக்கு வெளியே கிடக்கிற செருப்பு, மாடியில் காய்கிற துணி, குழாயடியில் வரிசையில் இருக்கிற குடங்கள், எல்லாமே ஆள் கணக்குத்தான். குடங்களை எண்ணி மூன்றால் வகுத்தால் குடும்பங்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு குழாயடி அம்மா. அவர் தெருவுக்கு அது சரியாகவே இருந்தது, எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"மாத வருமானம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் அது சரியாக இருக்காது, ஏனென்றால் பலருக்கு மாத வருமானம் என்று ஒன்று கிடையாது. போன வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, வாடகை எவ்வளவு, தண்ணீருக்கு என்ன ஆகிறது, கடைசியாக யாரிடம் கடன் வாங்கினீர்கள், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், இப்படிக் கேளுங்கள். இதற்கு முன் எங்கே இருந்தீர்கள், ஏன் மாறினீர்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வருகிற பதில்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்படும், பலர் அதற்கு அரை மணி நேரம் பேசுவார்கள், பேச விடுங்கள்.

தெரு முகப்பை நம்பாதீர்கள். கப்பல் தொழில் செய்த சார்லஸ் பூத் லண்டனைத் தெருத்தெருவாக நிறம் பூசி 1889-ல் வெளியிட ஆரம்பித்த வரைபடங்களில், கடைக்காரர்கள் இருக்கிற சிவப்புத் தெருவின் முதுகிலேயே நீலமும் கறுப்புமாக, அதாவது ஏழைகள் இருக்கிற, சந்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வீடுவீடாகப் போய்வந்த பள்ளி வருகை அதிகாரிகளின் குறிப்புகளை வைத்துத்தான் அவர் ஆரம்பித்தார். லண்டனில் சுமார் 30 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவந்ததும் அப்படித்தான்.

எண்கள்

வார்டு சராசரி என்பது பொய் சொல்கிற எண். பணக்கார அடுக்குமாடியும் அதில் வேலை செய்கிறவர்களின் சந்தும் ஒரே வார்டில் இருந்தால் சராசரி நடுத்தரம் என்று காட்டும். முடிந்தவரை சின்ன அலகில் எடுங்கள், எல்லையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எல்லை மாறும்போது முடிவும் மாறினால் அதை ஒளிக்காமல் எழுதுங்கள்.

பிரிந்து வாழ்வதை அளக்க ஒரு எளிய கணக்கு உண்டு. நாலு வார்டு உள்ள ஒரு நகரம், அதன் மொத்த ஏழைக் குடும்பங்களில் நூற்றுக்கு 50, 30, 15, 5 என்று வார்டுவாரியாகப் பரவியிருக்கின்றன. மற்ற குடும்பங்கள் அதேபோல நூற்றுக்கு 10, 20, 30, 40. ஒவ்வொரு வார்டிலும் வித்தியாசம் 40, 10, 15, 35. கூட்டினால் 100, பாதி 50. அதாவது எல்லா வார்டிலும் ஒரே விகிதம் வர வேண்டுமென்றால் ஏழைக் குடும்பங்களில் பாதி இடம் மாற வேண்டும். விரித்தாள் மென்பொருளில் ஐந்து நிமிட வேலை. இந்த எண் எத்தனை பேர் பிரிந்திருக்கிறார்கள் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது.

பரிந்துரை எழுதச் சொன்னால்

"இவர்களை நல்ல இடத்துக்கு மாற்ற வேண்டும்" என்று எழுதக் கை பரபரக்கும். அகமதாபாத்தில் குலுக்கலில் வீடு கிடைத்த குடும்பங்களை 14 ஆண்டுகளுக்குப் பிறகு போய்ப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. வீடு முன்பைவிட நல்ல வீடு, ஆனால் மையத்திலிருந்து தூரம். 34 சதவீதம் பேர் குடியேறவே இல்லை, இன்னும் 32 சதவீதம் பேர் பிறகு விட்டுப் போய்விட்டார்கள். குடும்ப வருமானத்திலும் பிள்ளைகள் நிலையிலும் மாற்றம் இல்லை, சொந்தபந்தமும் அவசரத்துக்குக் கைமாற்றுத் தருகிற ஆட்களும்தான் தூரமாகிப் போனார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1994-ல் தொடங்கி ஐந்து நகரங்களில் சுமார் 4,600 குடும்பங்களை வைத்து நடந்த சோதனையில், வறுமை குறைந்த பகுதிக்கு மாற வாடகை உதவி கிடைத்தவர்களில் பெரியவர்களின் சம்பாத்தியம் கூடவில்லை. ஆனால் 13 வயதுக்கு முன் மாறிய குழந்தைகள் இருபதுகளில் ஏறத்தாழ 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதற்கு மேல் வயதில் மாறியவர்களுக்குப் பலன் இல்லை. ஆக இடம் மாறுவது யாருக்கு, எந்த வயதில், எங்கே என்பதைச் சொல்லாமல் பரிந்துரை எழுதினால் அது வெறும் வாக்கியம். ஆளை நகர்த்துவதற்குப் பதில் பாதையை நகர்த்தவும் முடியும். தென் அமெரிக்காவில் கொலம்பியாவின் மெதயின் நகரத்தில் மலைச்சரிவில் இருந்த ஏழைக் குடியிருப்புகளை மெட்ரோவோடு இணைக்க 2004-ல் கேபிள் கார் விட்டார்கள். வீடுகள் அங்கேயேதான் இருந்தன, வேலை பக்கத்தில் வந்தது.

கடைசியாக ஒரு விஷயம், இதில் நான் கொஞ்சம் கறார். பட்டா இல்லாத குடியிருப்புகளைத் துல்லியமாகப் புள்ளி வைத்து இணையத்தில் போடாதீர்கள். நீங்கள் உதவி வரும் என்று போடுகிற புள்ளியை இடிக்க வருகிறவரும் பார்ப்பார். வார்டு அளவில் நிறம் பூசி வெளியிடுங்கள், தெரு அளவு வரைபடம் உங்களிடமும் அந்தத் தெருக்காரர்களிடமும் இருக்கட்டும். வெளியிடுவதற்கு முன் ஒரு மாலை அதை அச்செடுத்துக்கொண்டு போய் குழாயடியில் விரித்து வையுங்கள். "இந்தச் சந்து இப்படி வளையாதே", "இங்கே பதினைந்து வீடு விட்டுப்போச்சு" என்று ஆளுக்கொரு விரல் வைப்பார்கள். கையில் பென்சில் இருக்கட்டும், பேனா வேண்டாம்.